சுற்றுப்பயணம் போன அறை

வழி தெரியாவிட்டாலும் இண்டிகேட்டரைப் போட்டுவிடுகிற மனிதர் எங்கள் பாய். போட்டுவிட்டால் பஸ் அந்தப் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். அங்கே ரோடு இருந்தால் ரோட்டுக்கு நல்லது.

நான் அபுதாபியில் வந்து இறங்கிய அன்று, ஏர்போர்ட்டிலிருந்து முசஃபாவிலிருந்த தொழிலாளர் கேம்ப்புக்கு என்னை ஏற்றிவந்தவர் அவர்தான். புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஏசி மெக்கானிக் வேலைக்கு வந்தவன் நான். பாலைவனம் எப்படியிருக்கும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு ஒட்டகப் பண்ணை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே பண்ணை மறுபடி வந்தது. அதற்குப் பிறகும் ஒருமுறை வந்தது.

"பாய், இந்தப் பண்ணையை முன்னாடியே பார்த்தோமே?"

"அது அண்ணங்காரன் பண்ணை. இது தம்பி பண்ணை. சொத்தைப் பிரிச்சுக்கிட்டாக, பாவம்," என்றார், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. நானும் மடையன், அந்த அரபிச் சகோதரர்களுக்காகக் கேம்ப் போய்ச் சேரும்வரை வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கீழக்கரைக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, வழித்து வாரிய தலை, பஸ்ஸின் டீசல் வாடையையும் மீறி வரும் அத்தர் வாசனை. கம்பெனி பஸ் ஓட்டுவதுதான் வேலை. எங்கள் எல்லோருக்கும் அவர் பாய்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது. மற்றதெல்லாம் தங்குதடையில்லாமல் வரும்.

ஒருமுறை மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புதுப் பையன் ஒருவன், இங்கே எண்ணெய்க் கிணறு எவ்வளவு ஆழம் என்று பொதுவாகக் கேட்டுவைத்தான். ரிஃபைனரியில் வேலை பார்த்தவர்களே சும்மா இருந்தார்கள். பாய் மட்டும் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "முப்பது மர ஆழம்," என்றார்.

"என்ன மரம் பாய்? பனையா, பேரீச்சையா?"

யாராயிருந்தாலும் திணறியிருப்பார்கள். பாய் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டிக்கொண்டே, "மேல பாதி பேரீச்சை, கீழ பாதி பனை," என்றார். பையன் அதை ஊருக்கும் எழுதிப்போட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் தொழிலிலும் அவர் கைவைப்பார். ஏசி ஓடவில்லை என்று நான் கழற்றிப் போட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, "உள்ள மணல் போயி குட்டி போட்டிருக்கு, அம்புட்டுத்தேன்," என்று சொல்லிவிட்டுப் போவார். எரிச்சலாக வரும். ஆனால் அவர் இல்லாத நாளில் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் எங்கள் கேம்ப்பின் சரித்திரம் மாட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளில் வளைகுடா முழுக்க 'மணற்புயல்' என்ற ராக் குழு பிரபலம். எங்கள் கேம்ப்பில் சாரம் கட்டியும் பெயிண்ட் அடித்தும் கிடந்த நான்கு பையன்கள் ஆரம்பித்தது. டீசல் பேரல்தான் அவர்களுடைய முதல் டிரம்ஸ். கிடார், ஊருக்குத் திரும்பிப்போன என்ஜினியர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. ராக் என்றால் என்னவென்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பக்கத்து ரூம்காரன் சுவரைத் தட்டித் திட்டினால் அது ராக், திட்டாவிட்டால் மெல்லிசை. நான் வருவதற்கு முன்பே அவர்கள் வேலையை விட்டுவிட்டு துபாய், தோஹா, பஹ்ரைன் என்று மேடை மேடையாக ஏறிவிட்டார்கள். குவைத்தில் ஃபர்வானியா மளிகைக் கடையில்கூடப் பருப்புக்குப் பக்கத்தில் அவர்கள் கேசட் தொங்கியதாம். பாடகர் பெயர் சாண்டி. தேனிப் பக்கத்துக்காரர், வீட்டில் வைத்த பெயர் சின்னக்காளை.

வெள்ளிக்கிழமை விடுமுறையில் மற்ற கேம்ப் ஆட்கள் எங்கள் கேம்ப்பைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று, 'சாண்டி இருந்த ரூம் எது?' என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. பாயிடம் கேட்டார்கள். அவ்வளவுதான், தொலைந்தது.

மறு வாரமே மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்கப் போகிற பஸ்ஸில் அவர்களை ஏற்றிக்கொண்டு முசஃபாவைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில், டீசல் ஊற்றுகிற புனல். அதன் குறுகிய முனையை வாயில் வைத்துக்கொண்டு அறிவிப்புச் செய்வார். குரல் கணீரென்று கேட்கும். ஆனால் முன் சீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைசுற்றும். காசு எதுவும் வாங்கமாட்டார். ஒவ்வொரு இடத்திலும் கைதட்ட வேண்டும், அதுதான் கட்டணம். தட்டாவிட்டால் வண்டி நகராது.

முதல் இடம் மலையாளியின் டீக்கடை. "இந்தா, இந்தக் கடைசி மேசையிலதேன் மணற்புயல்னு பேரு வச்சாக!" என்பார் பாய். டீக்கடைச் சேட்டன் உள்ளேயிருந்து, "ஈ மேச கழிஞ்ஞ மாசம் வாங்ஙிச்சது அல்லே பாய்!" என்று, அது போன மாதம் வாங்கிய மேசை எனக் கத்துவார். "பணிவான ஆளு. விளம்பரம் பிடிக்காது," என்று பாய் புனலில் சொல்ல, சேட்டனுக்கும் ஒரு கைதட்டல் கிடைக்கும். பிறகு, முதல் போஸ்டர் ஒட்டிய சுவர். சுண்ணாம்பு அடித்து வெறிச்சென்று இருக்கும். எல்லோரும் வரிசையில் நின்று அந்த வெறுஞ்சுவரோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சாண்டி முதன்முதலில் பாடிய கேம்ப் குளியலறை. கடைசியாக, குழு பிறந்த அறை. மரப்பலகையும் தகரமுமாகச் செய்த கேபின் அது, பதினான்காம் நம்பர். எங்கள் கேம்ப்பில் எல்லா ரூமும் அப்படித்தான். தரையில் கல்லை வைத்து அதன்மேல் தூக்கி வைத்தது.

அப்படிப்பட்ட அறையில் ஒரு சங்கடம். கம்பெனிக்குத் தேவைப்பட்டால் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரு வாரம், தூரத்திலிருக்கும் ருவைஸ் சைட்டில் ஆள் கூடிவிட்டது என்று சில கேபின்களைத் தூக்கி டிரெய்லரில் வைத்து அனுப்பிவிட்டார்கள். அதில் பதினான்காம் நம்பரும் ஒன்று. பாய்க்கு யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த கூட்டத்தை எல்லா இடமும் காட்டி முடித்து, "இப்ப கண்ணை மூடிக்கங்க, நான் சொன்ன பெறகு தொறக்கணும்," என்று சொல்லிக் கைபிடித்துக் கூட்டிவந்தார். திறந்தால் அங்கே நான்கு கல்லும் உடைந்த ஒரு பைப்பும்தான் இருந்தன. உடன் வந்திருந்த எனக்கு உயிரே போய்விட்டது. பாய் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"அறை சுற்றுப்பயணம் போயிருக்கு," என்றார் புனலில். "குழு ஊர் ஊராப் போறப்ப அறை மட்டும் சும்மா இருக்குமா? இதைத் தூக்குறப்ப கிரேன் ஓட்டுன ஆளு நம்ம தமிழரு, தேம்பித் தேம்பி அழுதாக. லீவரைப் பிடிக்க முடியல. கண்ணீரால டிரெய்லரே நனைஞ்சுபோச்சு."

கூட்டம் அந்த நான்கு கல்லுக்கும் கைதட்டியது. ஒருவர் ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிரேன் ஓட்டியவர் செல்லத்துரை. திருநெல்வேலிக்காரர், ஆறடி உயரம், முரட்டு மீசை. அவர் அழுத கதை மறுநாளே கேம்ப் முழுக்கப் பரவிவிட்டது. சைட்டில் அவர் கிரேனில் ஏறினாலே கீழேயிருந்து ஒருவன் கர்ச்சீப்பை நீட்டுவான். பாகிஸ்தானி ஃபோர்மேன்கூட, "அரே, ரோனா மத்!" என்று அழவேண்டாமென்று ஆறுதல் சொன்னாராம். செல்லத்துரை அன்று மாலை மெஸ்ஸுக்குள் புயலாக வந்தார்.

"வே பாய்! நான் எப்ப வே அழுதேன்? எங்க அய்யா செத்தப்பவே நான் அழல!"

"அது உள்ள அடைச்சு நின்னுருக்கும். அதுதேன் கிரேன்ல வந்துருச்சு," என்றார் பாய் கரிசனமாக.

மெஸ்ஸே சிரித்தது. செல்லத்துரைக்கு முகம் சிவந்துபோயிற்று. மேசையில் ஒரு குத்து விட்டார். "நீரு சொல்லுதது அம்புட்டும் கப்சா. நீரு இந்தக் கேம்புக்கு வந்ததே அந்தப் பயலுவ போன பெறவுதான். நீரு சாண்டியக் கண்ணால பாத்ததே கெடையாது. அடுத்த வாரம் அபுதாபியில அவனுக்கு ஷோ இருக்கு. நானே போயிக் கூட்டியாரேன். எல்லார் முன்னாலயும் அவன்கிட்டக் கேப்பேன். உம்மத் தெரியாதுன்னு சொல்லிட்டாம்னா, அன்னையோட இந்தக் கூத்த நிறுத்திரணும். சம்மதமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

"கூட்டியாங்க," என்றார் பாய். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

செல்லத்துரை சொன்னபடியே செய்தார். தெற்கத்தி ஆள் என்று சொல்லிக்கொண்டு ஹோட்டலுக்கே போய், உங்கள் பழைய இடமெல்லாம் காட்டுகிறோம் என்று சாண்டியை மடக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சாண்டியும் ஒப்புக்கொண்டாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய் பஸ் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"பாய், நெசமாவே நீங்க அந்த ஆளைப் பாத்திருக்கீங்களா?"

அவர் டயரில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, "ஆறு நாளு இந்த பஸ்ல ஏறுறவன் பூராம் ஏறுன உடனே தூங்கிப்புடுறான்," என்றார். "இறங்குறப்ப 'யல்லா யல்லா'ன்னு நான் தட்டி எழுப்பணும். ஒருத்தன் என் மூஞ்சியப் பாக்குறதில்ல. வெள்ளிக்கிழமை மட்டும்தேன்ப்பா ஒருத்தனும் தூங்க மாட்டேங்குறான்."

செல்லத்துரை மேல் கோபம் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சாண்டி வந்துவிட்டார். தோல் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, தோள்வரை தலைமுடி. அந்த வெயிலில் தோல் கோட்டைப் பார்த்தே எங்களுக்கு வேர்த்தது. ருவைஸில் ஷிஃப்ட் முடிந்தவர்களைக் கூட்டிவரும் டூட்டி பாய்க்கு அன்று இருந்தது, போகும்போது பஸ் காலி. அதனால் முசஃபாவைக் காட்டிவிட்டு, ருவைஸ் போய் அந்த அறையையும் காட்டிவிடுவது என்று ஏற்பாடு. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. செல்லத்துரை சாண்டிக்குப் பக்கத்திலேயே, கைதியைப் பிடித்துவந்த போலீஸ் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

டீக்கடையில் பாய் வழக்கம்போல ஆரம்பித்தார். "இந்த மேசையிலதேன் பேரு வச்சாக!"

"நோ மேன்," என்றார் சாண்டி, கண்ணாடியைக் கழற்றாமலே. "பேரு வெச்சது ஏர்போர்ட்ல. ஆக்சுவலா நான்தான் வெச்சேன்."

செல்லத்துரை மீசையைத் தடவினார். பாய் புனலை இறக்கிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "தம்பி, ஏர்போர்ட்ல யோசிச்சீக. இங்கன வந்துதேன் வச்சீக. நடுவுல பஸ்ல தூங்கிட்டீக."

சாண்டி கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "தூங்குனேனா?"

"நல்லா."

குளியலறைக்கு வந்தோம். சாண்டி முதன்முதலில் பாடியபோது யாரோ வாளியை விட்டெறிந்தார்கள் என்றும், அது சுவரில் பட்ட சத்தம்தான் குழுவின் முதல் தாளம் என்றும் பாய் விளக்கினார்.

"எவனும் எறியலயே! எல்லாரும் கைதட்டுனாங்க மேன்!"

"தட்டுனாக. யாரு இல்லன்னா? தட்டி முடிச்ச பெறகுதேன் எறிஞ்சாக."

சாண்டி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா... ஏதோ நங்குனு ஒரு சத்தம் கேட்ட மாதிரிதேன் இருக்கு," என்றார். மேடைத் தமிழ் போய்த் தேனித் தமிழ் வந்துவிட்டது. வெறுஞ்சுவருக்கு வந்தபோது மறுத்துப் பேசுவதை அடியோடு விட்டுவிட்டார். "அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்?" என்று பாயைப் பார்த்துக் கேட்டார். செல்லத்துரைக்கு மீசையைத் தடவுகிற கை அப்படியே நின்றுவிட்டது.

வழியில் ஜும்மா தொழுகைக்கு நிறுத்தி, மறுபடி கிளம்பி ருவைஸ் போய்ச் சேர்ந்தோம். அங்கே கேபின்கள் தெருத்தெருவாக நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் புது நம்பர். தூக்கி ஏற்றிய செல்லத்துரையே திருதிருவென்று முழித்தார். பாய் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. நேராகப் போய் ஒரு கதவைத் திறந்தார்.

"இதுதேன்."

அது புத்தம்புதுக் கேபின். போன மாதம் நானே ருவைஸ் வந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் ஏசி மாட்டியிருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்த ஒரு வங்காளி போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சாண்டி அவர் கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவரைத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது.

"இந்த ஆணி... என் சட்டைய மாட்டுன ஆணிய்யா இது!" என்றார். குரல் உடைந்துவிட்டது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

ஏசித் தண்ணீர்க் குழாயைக் கட்டுவதற்காக நான் அடித்த ஆணி அது.

வங்காளி பதறி எழுந்தார். தலைமாட்டில் பஸ் நிறைய ஆட்கள், சுவரைக் கட்டிப்பிடித்து அழுகிற ஒரு தோல்கோட்டுக்காரர். "க்யா ஹுவா? கோன் மர் கயா?" என்று யார் செத்தது என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்லத்துரை விடவில்லை. தொண்டையைக் கனைத்தார். "அண்ணாச்சி, அழுதது போதும். எல்லாரும் கேக்காவ, உள்ளதச் சொல்லுங்க. இந்த பாய் அன்னைக்கு உங்ககூட இருந்தாரா, இல்லியா?"

நான் பாயைப் பார்த்தேன். யா அல்லா, முருகா, யாராவது காப்பாற்றுங்கள் என்று எனக்குள் நானே வேண்டிக்கொண்டேன்.

சாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். "என்ன கேள்விண்ணே இது? இவரு இல்லாம மணற்புயலே இல்ல. அந்தா, அந்த மூலையில உக்காந்து தாளம் போடுவாரு. மொத நாள்லருந்தே எங்ககூடத்தேன் இருந்தாரு. என் கண்ணுக்குள்ளயே நிக்குது!"

கூட்டம் கூரை அதிரக் கைதட்டியது. நான் துள்ளிக் குதித்தேன். செல்லத்துரை ஆறடியும் மடங்கி அந்த வங்காளியின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் பாய் முகத்தில் சிரிப்பைக் காணோம். புனலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாண்டியின் தோளைத் தொட்டார்.

"இல்ல தம்பி," என்றார். "நான் இந்தக் கேம்ப்புக்கு வந்ததே நீங்க நாலு பேரும் போன பெறகுதேன். செல்லத்துரை சொன்னது நெசம். உங்களை இன்னைக்குத்தேன் மொதமொதல்ல பாக்குறேன்."

"அதெப்படி? அந்த மூலையில நீங்க..."

"நான் அங்கன இல்லாதவன் தம்பி. இல்லாதவன் என்ன வேணாலும் சொல்லலாம். நீங்க இருந்தவுக. நீங்களே மாத்திச் சொல்லிட்டீகன்னா, அப்பறம் நடந்தது யாருக்குத்தேன் தெரியும்?"

பின்னாலிருந்து ஒருவர், "அடடா, என்ன அடக்கம்! என்ன அடக்கம்!" என்றார். அவ்வளவுதான். முன்னைவிடப் பலமாகக் கைதட்டல். செல்லத்துரை எழுந்து வந்து பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன மன்னிச்சிரும் வே. எனக்காக விட்டுக்குடுத்தீரு பாத்தீரா? இம்புட்டுப் பெரிய மனசு எவனுக்கு வே வரும்?" என்றார். இந்த முறை உண்மையாகவே அழுதார்.

திரும்பி வரும்போது ஷிஃப்ட் முடிந்த ஆட்களும் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். சாண்டி அவர்களுக்கு, பாய் தாளம் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்கக் கேட்க அது வளர்ந்தது. பாய் கண்ணாடியில் பார்த்து, "வல்லாஹி, நான் போடலப்பா! எனக்குத் தாளமே வராது!" என்று கத்தினார். அவர் சத்தியம் செய்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒவ்வொரு சத்தியத்துக்கும் பஸ் விசிலடித்தது. யாரும் தூங்கவில்லை.

கேம்ப்பில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் பணம் அனுப்ப மறந்தவர் மாதிரி முகம் வாடியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"நீயாச்சும் நம்புறியாப்பா? நான் அங்கன இல்லவே இல்லன்னு?"

"சத்தியமா நம்புறேன் பாய். அந்த ஆணியே நான் அடிச்சதுதான்."

பெரிய மூச்சு ஒன்றை விட்டார். பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியில் உருண்டுபோயிருந்த புனலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வெளிய எவன்கிட்டயும் சொல்லிப்புடாத. வர்ற வெள்ளிக்கிழமைக்கு இப்பவே பஸ்ஸு நெறைஞ்சுபோச்சு."